மலையைப் படம் பிடிக்க இந்தக் கெமராவை வாங்காதீர்கள்! ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 சிக்ஸ்: நிறையும் குறையும்

[திரையில்: மூடுபனி விலகும் தேயிலைச் சரிவு, அதன் முன்னே கற்சுவரில் கெமரா]

வணக்கம். மலையகத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு தலைப்பை வைத்தால் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் காரணத்தோடுதான் வைத்திருக்கிறேன். 2024 பெப்ரவரியில் 1,599 அமெரிக்க டொலருக்கு அறிமுகமாகி, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பலரை மாதக்கணக்கில் காத்திருக்க வைத்த இந்தச் சிறிய கெமரா, பக்கத்தில் நிற்கும் மனிதரை எடுப்பதில் வல்லது. எதிர்மலையை எடுக்கச் சொன்னால் திணறும்.

விவரங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஏபிஎஸ்-சி எனப்படும் அளவில் 40.2 மெகாபிக்சல் சென்சர் (ஒளியைப் படமாக்கும் சில்லு), எஃப்2 வரை துவாரம் அகலத் திறக்கும், கழற்ற முடியாத 23 மில்லிமீட்டர் லென்ஸ், கை நடுக்கத்தை ஈடுசெய்யும் உள்ளமைப்பு, பெட்டரியோடு 521 கிராம் எடை. முந்தைய பதிப்பில் இந்த நடுக்கத் தடுப்பு இல்லை என்பதே இரண்டுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு.

இனி தலைப்புக்கு வருவோம். 23 மில்லிமீட்டர் என்பது பழைய ஃபிலிம் கெமரா கணக்கில் 35 மில்லிமீட்டர் பார்வைக்குச் சமம், ஸூம் கிடையாது. ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வீதியில் நின்று டெவோன் நீர்வீழ்ச்சியை எடுத்தால், பள்ளத்தாக்கு முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். நீர்வீழ்ச்சியோ நடுவில் ஒரு வெள்ளைக் கீறலாக நிற்கும். படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம் என்பீர்கள். 70 மில்லிமீட்டர் பார்வைக்கு வெட்டினால் 40 மெகாபிக்சலில் ஏறத்தாழ 10 மட்டுமே மிஞ்சும். ஃபேஸ்புக்கிற்கு அது தாராளமாகப் போதும், சுவரில் பெரிதாக மாட்டுவதற்குப் போதாது. சோனி ஆர்எக்ஸ்100 செவன் 302 கிராம் எடையில் 24 முதல் 200 மில்லிமீட்டர் வரை ஸூம் தருகிறது. ஆனால் அதன் சென்சரின் பரப்பு இதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு என்பதால், வெளிச்சம் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும்.

[திரையில்: லென்ஸின் குறுக்குவெட்டுப் படம்]

இந்தக் கெமராவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி லென்ஸுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. லென்ஸ் மாற்றக்கூடிய பெரும்பாலான கெமராக்களில் ஷட்டர் என்பது சென்சருக்கு முன்னால் ஓடும் இரண்டு திரைகள். வேகத்தைக் கூட்டினால் முதல் திரை முழுதாகத் திறந்து முடியும் முன்பே இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும். அப்போது ஃப்ளாஷ் அடித்தால் படத்தின் ஒரு பட்டை மட்டுமே வெளிச்சம் பெறும். அதனால் அவற்றில் ஃப்ளாஷ் பயன்படுத்தும்போது ஏறத்தாழ 1/250 செக்கனோடு நின்றுவிட வேண்டும். எக்ஸ்100 சிக்ஸில் ஷட்டர் லென்ஸின் நடுவே இருக்கிறது; அது திறந்தால் சென்சர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒளி போகும். 1/1000 செக்கனிலும் ஃப்ளாஷ் முழுப் படத்தையும் தொடும்.

இதனால் நமக்கு என்ன பயன்? பகல் பதினொரு மணிக்கு மலையில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவை நினைத்துப் பாருங்கள். தலையில் துணி, இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, பின்னால் கண் கூசும் வெள்ளை வானம். எந்தக் கெமராவும் வானத்தைப் பார்த்து ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். முகத்துக்கு வெளிச்சம் கூட்டினால் வானம் வெளிறிப் போகும். ஷட்டரை 1/250 இலிருந்து 1/1000 செக்கனுக்கு உயர்த்தினால், வானத்தின் நிறம் கெடாமலே லென்ஸின் துவாரத்தை இரண்டு படி, அதாவது நான்கு மடங்கு ஒளி புகும் அளவுக்கு, அகலமாகத் திறக்கலாம். அப்போது உள்ளே இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு ஃப்ளாஷ் எட்டும் தூரம் இருமடங்காகும். இருமடங்கு என்றாலும் அது ஓரிரு மீட்டர்தான். ஆகவே அந்த அக்காவின் அருகே போக வேண்டும், போனால் பேச வேண்டும், பேசினால் அனுமதி கேட்க வேண்டும். வீதியோரத்தில் வேனை நிறுத்தி, நீண்ட லென்ஸை நீட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துக்கொண்டு போகும் பழக்கத்தை இந்தக் கெமரா தடுக்கிறது. விமர்சகர்கள் ஸூம் இல்லாததைக் குறைகளின் வரிசையில் முதலில் வைக்கிறார்கள். தோட்டத்துக்குள் படம் எடுக்கும்போது நான் அதைக் குறையாக எண்ணுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. மூடுபனி அடர்ந்திருக்கும்போது ஃப்ளாஷ் போடவே கூடாது. லென்ஸுக்கு மிக அருகில் ஃப்ளாஷ் இருப்பதால், முன்னால் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பியனுப்பி, படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகளாக வரும். பேய்ப்படம் எடுப்போருக்கு இது வரப்பிரசாதம். பனியில் செய்ய வேண்டியது வேறு. கெமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும்; அதனால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகிவிடும். வலது பெருவிரலுக்குக் கீழே இருக்கும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வட்டை +1க்குத் திருப்பினால் பனி மீண்டும் வெள்ளையாகும். மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியதில்லை, கண்ணை எடுக்காமலே திருப்பலாம்.

லென்ஸுக்குள் இருக்கும் இன்னொரு பொருள், ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டர். மலையை எடுக்காதீர்கள் என்று சொன்ன நானே இதை வைத்துக்கொண்டு நீர்வீழ்ச்சிக்கு வாருங்கள் என்கிறேன், மன்னியுங்கள். மப்பான நாளில் 1/30 செக்கனில் எடுக்க வேண்டிய காட்சிக்கு இந்த ஃபில்டரைப் போட்டால் அரைச் செக்கன் தேவைப்படும். அதற்குள் விழும் நீர் இழையிழையாகப் படிந்துவிடும். அரைச் செக்கன் கையில் பிடித்து எடுப்பது முன்பு நடக்காத காரியம். ஆறு படி வரை நடுக்கம் தணிக்கும் அமைப்பு வந்த பிறகு, முழங்கையை வேலிக்கம்பியில் ஊன்றி மூச்சை அடக்கினால் முக்காலியே இல்லாமல் பாறைகள் கூர்மையாக வருகின்றன. காற்றில் அசையும் இலைகள் மட்டும் கலங்கும், அதற்கு எந்தக் கெமராவிலும் மருந்தில்லை. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பின் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியில் பழைய வேகம் இல்லை. மழைக்காலத்தில் அது நிறைந்து விழுவதை எடுத்திருப்போர் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள்.

லென்ஸ் ஷட்டரின் ஓசை மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையகத்தில் ஆடும் காமன் கூத்தின் தப்புச் சத்தத்துக்கு நடுவே அதனால் பயனில்லைதான், ஆனால் தோட்டக் குடியிருப்பான லயத்தில் குழந்தை உறங்கும் அறையில் பயனுண்டு. அதே கூத்தில் இன்னொரு குறையும் தெரியவரும். நடுக்கத் தடுப்பு நம் கையை நிறுத்துமே தவிர, ஆடுபவரின் காலை நிறுத்தாது. தீப்பந்த வெளிச்சத்தில் எஃப்2 துவாரம் இருந்தும் சென்சரின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

[திரையில்: தூறலில் நனையும் கெமரா]

இனி நம் ஊருக்கு மிகப் பொருந்தாத குறை. மழையைத் தாங்கும் கெமரா என்று சொல்லப்பட்டாலும், பெட்டியிலிருந்து எடுத்தபடியே லென்ஸின் முன்பக்கம் அடைக்கப்பட்டிருப்பதில்லை; ஒரு வளையத்தையும் 49 மில்லிமீட்டர் பாதுகாப்பு ஃபில்டரையும் பொருத்திய பிறகே அந்தத் தகுதி கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மஸ்கெலியாவிலோ நோர்வூட்டிலோ இவை இல்லாமல் வெளியே எடுப்பது துணிச்சலுக்குரிய செயல். லைக்கா கியூ3 பெட்டியிலிருந்தே ஐபி52 என்ற தூசு, நீர்த்துளித் தடுப்புத் தரத்தோடு வருகிறது. ஆனால் அதன் அறிமுக விலை 5,995 டொலர். 257 கிராம் மட்டுமே எடையுள்ள ரிக்கோ ஜிஆர் த்ரீ உண்மையிலேயே சட்டைப்பையில் அடங்கும். அதில் மழைத் தடுப்பும் இல்லை, ஃப்ளாஷும் இல்லை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் இல்லை.

வீடியோவுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் வேறு கெமராவைப் பாருங்கள். திரை முன்பக்கம் திரும்பாது.

விலைக்கு அஞ்சிப் பலர் பாவித்த கெமராவைத் தேடுகிறார்கள். மலைநாட்டு ஈரப்பதத்தில் பெட்டிக்குள் அடைந்து கிடந்த லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது வழமை. வாங்கும் முன் துவாரத்தை எஃப்2க்குத் திறந்து, தொலைபேசியின் டோர்ச்சை லென்ஸின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். கண்ணாடிக்கு உள்ளே மெல்லிய நூல்கள் கிளைத்திருந்தால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். கழற்றி வேறொன்றைப் போடுவதற்கு இது தனி லென்ஸ் இல்லை. புதிதாக வாங்குவோரும் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பா ஒன்றை அன்றே வாங்கிவிடுங்கள். நானுஓயாவில் ரயிலேறிக் கொழும்பில் இறங்குபவர்கள், கெமராவைப் பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி வைத்து, அது வெப்பமேறிய பிறகே வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியின் மேல் கொழும்பின் ஈரக்காற்று உடனே படிந்துவிடும்.