சாவி கொடுக்கும் வாட்ச்சைக் கவனிப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். வாட்ச் ரிப்பேர் என் தொழில். பேட்டரி இல்லாத கடிகாரங்களைப் பற்றிப் பேச நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதாவையோ, மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீக்கோவையோ பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிக்கொள்ளும் இளைஞர்கள் இப்போது கடைக்கு நிறைய வருகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வருகிறவர்களில் பலர் சொல்லி வைத்தது போல ஒன்றையே சொல்கிறார்கள்: "அதிகமா சாவி கொடுத்துட்டேன் போல, நின்னு போச்சு."

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். முழுக்கச் சாவி கொடுத்ததால் எந்த வாட்ச்சும் நிற்பதில்லை. உள்ளே ஒரு சின்ன டப்பாவுக்குள் மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கிறது. வாட்ச்சின் பக்கவாட்டில் இருக்கும் குமிழான சாவியைத் திருகத் திருக அது இறுகும்; முழுக்க இறுகியதும் சாவி தானாகவே நின்றுவிடும். அதற்கு மேல் முரட்டுத்தனமாகத் திருகினால்தான் ஏதாவது உடையும். ஸ்பிரிங் இறுகியிருந்தும் வாட்ச் ஓடவில்லை என்றால், அந்த விசை, இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் வரை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் காய்ந்துபோன ஆயில்தான். அப்படிப்பட்ட வாட்ச்சைத் திறந்து கண்ணாடி வைத்துப் பார்த்தால், சக்கரத்தின் முனை உட்காரும் சிவப்புக் கல்லைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் தெரியும். வருஷக்கணக்கில் கழுவாத எண்ணெய் பாட்டிலின் கழுத்தில் இருக்குமே, அதே பிசுக்கு. அதைச் சுத்தம் செய்து புது ஆயில் வைத்தால் ஸ்பிரிங்கை மாற்றாமலே வாட்ச் ஓடும். மாறாக, கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சில் சாவி எவ்வளவு திருகியும் இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால், ஸ்பிரிங்கோ அதைச் சார்ந்த சக்கரமோ போயிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்தால் கடையில் என்ன கேட்பது என்றும் தெரியும்.

சாவி கொடுக்கும்போது வாட்ச்சைக் கையிலிருந்து கழற்றிவிடுங்கள். கையில் கட்டியபடியே திருகினால் சாவியின் தண்டு ஒரு பக்கமாக இழுபடும். தினமும் ஒரே நேரத்தில், காலையில் என்றால் காலையில், இறுகும் வரை கொடுத்தால் போதும். ஜனதா போன்ற எச்.எம்.டி. வாட்ச் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. ஸ்பிரிங் தளர்ந்துகொண்டே வரும்போது அந்தத் துடிப்பின் வீச்சு குறையும், நேரமும் தடுமாறும். அதனால் நின்ற பிறகு சாவி கொடுப்பதைவிட, நிற்பதற்கு முன்பே கொடுப்பது நல்லது.

ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் ரோட்டர் என்று ஓர் அரைவட்டத் தகடு இருக்கிறது. கை அசைய அசைய அது சுற்றி ஸ்பிரிங்கை இறுக்கும். முழுக்க இறுகிவிட்டால் ஸ்பிரிங்கின் வெளி முனை டப்பாவின் சுவரில் வழுக்கிக்கொள்ளும், அதனால் இதிலும் பயமில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கை அவ்வளவாக அசைவதில்லை. ராத்திரி கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடுகிறது. இது பழுதே இல்லை. காலையில் கையால் இருபது, முப்பது சுற்று சாவி கொடுத்துப் பாருங்கள். ஆனால் பழைய சீக்கோ 5 மாடல்கள் பலவற்றில் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. அவற்றைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து மெதுவாக வட்டமாக அசைத்தால் முள் ஓட ஆரம்பிக்கும், அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

தேதி காட்டும் வாட்ச் என்றால் ஒரு எச்சரிக்கை. முள் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் நடுவில் இருக்கும்போது தேதியைத் தனியாக மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் பிடித்திருக்கும், உடைந்துவிடும். நின்றுபோன வாட்ச்சில் இரவா பகலா என்று தெரியாது அல்லவா? முள்ளை முன்னால் திருப்பிக்கொண்டே போங்கள். தேதி மாறும் இடம்தான் நள்ளிரவு. ஆறு மணி தாண்டிக் கொண்டுவந்து, பிறகு தேதியை வையுங்கள்.

நேற்று வரை சரியாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் வேகமாக ஓடினால் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஸ்பீக்கர், காந்தம் வைத்த மொபைல் கவர், ஹேண்ட்பேக்கின் காந்தப் பட்டன், இவற்றின் பக்கத்தில் வைத்தாலே போதும். பேலன்ஸ் வீலோடு சேர்ந்திருக்கும், முடி போல மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது போல வேலை செய்யும், துடிப்பு வேகமெடுக்கும். சாதாரணத் திசைகாட்டியின் மேல் வாட்ச்சைக் கொண்டுபோங்கள். அதன் ஊசி சுழன்றாடினால் காந்தம் ஏறியிருக்கிறது. அதை இறக்கக் கடையில் ஒரு நிமிஷம்கூட ஆகாது, வாட்ச்சைத் திறக்கவும் தேவையில்லை. அதற்குப் போய் முழு சர்வீஸ் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு பழுது ஆளைக் குழப்பும். டிக் டிக் சத்தம் நன்றாக இருக்கும், நொடி முள்ளும் ஓடும், ஆனால் நிமிஷ முள்ளும் மணி முள்ளும் பின்தங்கிக்கொண்டே வரும். நிமிஷ முள்ளைத் தாங்கும் சின்னக் குழாய் தளர்ந்து வழுக்குகிறது. கொஞ்சம் இறுக்கிவிட்டால் தீர்ந்தது.

கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரிசிப் பானையில் புதைத்து வைக்கிறார்கள்; மூடிய வாட்ச்சுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி எடுக்காது, அதற்குள் இரும்பு துருப்பிடித்துவிடும். பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி நீச்சலுக்குப் போகாதீர்கள். அது மழைத்துளிக்கும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கும்தான்.

சர்வீஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. பிரிக்காமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலாக ஆயில் விட்டுக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சில மாதம் ஓடும், பிறகு முன்னைவிட மோசமாகும். முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்வீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பழைய டயலுக்குப் புது பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் தொழிலை 2016-இல் மூட மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. மங்கிப்போன அந்த அசல் டயல் இனிமேல் தயாராகப் போவதில்லை.

நாளுக்குப் பத்து, இருபது நொடி கூடக் குறைய ஓடுவது இந்த வயதுள்ள வாட்ச்சுக்கு இயல்பு. ராத்திரி கழற்றி வைக்கும்போது ஒரு நாள் டயல் மேலே பார்க்கும்படி, அடுத்த நாள் சாவி மேலே இருக்கும்படி வைத்து, காலையில் எத்தனை நொடி வித்தியாசம் என்று பாருங்கள். படுக்க வைத்தால் ஒரு மாதிரி, நிறுத்தி வைத்தால் வேறு மாதிரி ஓடும். பகலில் கூடுகிற நொடியை ராத்திரி வைக்கும் விதத்தாலேயே ஓரளவு ஈடுகட்டலாம். ஒரு வாரம் இப்படிக் குறித்த தாளையும் வாட்ச்சோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ரிப்பேர் செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

நன்றி, வணக்கம்.