ரெண்டு விஸார்டு சேர்ந்து ஒரே மந்திரம் போடலாமா?

அடுத்த கேள்வி பாலமேட்டுத் தம்பி ஒருவர் கேட்டது. ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, டைஸ் உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு, 2014 விதிகள். அவரும் அவர் சித்தப்பா மகனும் 5ஆம் லெவல் விஸார்டுகள், அதாவது மந்திரம் போடும் பாத்திரங்கள். யானைமலைக்கு அடியில் ஒரு குகை, அதற்குள் ஒரு மந்திரவாதி என்று டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், கதை வைத்திருக்கிறார். "எங்க ரெண்டு பேரோட 3ஆம் நிலை ஸ்லாட்டையும் சேர்த்து 6ஆம் நிலை மந்திரமா போடலாமாண்ணே? டிஎம் விடமாட்டேங்கிறார்" என்கிறார். ஸ்லாட் என்றால் ஒரு மந்திரம் போடச் செலவாகும் இடம், பெரிய மந்திரத்துக்குப் பெரிய நிலை ஸ்லாட் வேண்டும்.

டிஎம் விடாதது சரிதான் தம்பி. உங்கள் ஊரில் ஒரு மாட்டை ரெண்டு பேர் சேர்ந்து பிடித்தால் பரிசு உண்டா? கிடையாது, ஒருத்தர்தான் பிடிக்க வேண்டும். இங்கேயும் அதே கதை. ஒரு மந்திரத்துக்கு ஒரு ஆள், ஒரு ஸ்லாட். ஸ்லாட்டைக் கூட்டிக்கொள்ள அந்த விதிப்புத்தகத்தில் வழியே இல்லை.

ஏன் என்று பாருங்கள். 6ஆம் நிலை மந்திரம் விஸார்டுக்கு 11ஆம் லெவலில்தான் வரும். மூணும் மூணும் ஆறு என்று விட்டால் 5ஆம் லெவலிலேயே டிஸின்டக்ரேட் என்கிற 6ஆம் நிலை மந்திரம் கையில் வந்துவிடும். அதன் அடி 10டி6+40 (ஆறு பக்க டைஸ் பத்து உருட்டி 40 கூட்டுவது), சராசரி 75. மிச்ச உயிர் போனால் ஆள் தூசிதான். அந்தக் குகைக்கதை ஒரே ரவுண்டில் முடிந்துவிடும், டிஎம் பாவம்.

சரி, ஸ்லாட்டைச் சேர்க்காமல் ரெண்டு ஃபயர்பாலை (3ஆம் நிலை நெருப்பு மந்திரம்) மட்டும் ஒன்றாக்கினால்? லாபமே இல்லை. ஒரு ஃபயர்பால் 8டி6, சராசரி 28. ரெண்டு தனித்தனியாகப் போட்டாலும் 56, ஒட்டிப் போட்டாலும் 56. ஒட்டினால் எதிரிக்கு ஒரே சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் டைஸ்), அதில் அவன் தப்பித்தால் மொத்தமும் பாதியாகிவிடும். அதைவிட மோசம் கவுன்டர்ஸ்பெல், அடுத்தவர் மந்திரத்தைப் போடும்போதே வெட்டும் மந்திரம். எதிரி மந்திரவாதி என்பதால் அது அவனிடம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டிய மந்திரத்தை ஒரே வெட்டில் காலி செய்வான். தனித்தனியாகப் போட்டால், அவனுக்கு அப்படிக் குறுக்கே வெட்ட ஒரு ரவுண்டுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான். முதல் ஆள் அதைச் செலவழிக்க வைக்கிறார், ரெண்டாவது ஆளின் மந்திரம் தடையில்லாமல் போகிறது. என்னைக் கேட்டால் நிஜமான கூட்டு இதுதான்.

இன்னொரு வழி ஆளை அசையாமல் நிறுத்தும் ஹோல்டு பெர்சன் மந்திரம். 2ஆம் நிலைதான், மனுஷன் மேல் வேலை செய்யும். எதிரி விஸ்டம் சேவில் தோற்றால் அசைய முடியாது, அப்போது ஃபயர்பாலுக்குப் போட வேண்டிய டெக்ஸ்டெரிட்டி சேவ் தானாகவே தோல்வி. அடுத்து சித்தப்பா மகன் போடும் ஃபயர்பால் முழுசாக விழும். உங்கள் குழுவில் சண்டைக்காரர் இருந்தால் ஃபயர்பால் வெடித்த பிறகு பக்கத்தில் போய் அடிக்கட்டும், பட்ட அடி எல்லாம் கிரிட்டிக்கல், அதாவது அடிக்கு உருட்டும் டைஸ் இரட்டிப்பு. வலை விரிக்கும் வெப் மந்திரம் போடுவதாக இருந்தால் வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரியின் டர்ன் வலைக்குள் தொடங்கினாலோ, தன் டர்னில் அவன் வலைக்குள் நுழைந்தாலோதான் அவன் சேவ் போடுவான். அதற்கு முன்பே நெருப்பு வைத்தால் வலை வீணாக எரிந்துபோகும்.

இதெல்லாம் போதாது, சேர்ந்துதான் போட வேண்டும் என்றால் வீட்டு விதி வைத்துக்கொள்ளலாம். பழைய 3.5 பதிப்பில் கோஆபரேட்டிவ் ஸ்பெல் என்று ஒரு ஃபீட் (பாத்திரம் எடுத்துக்கொள்ளும் சிறப்புத் திறமை) இருந்தது. அதே மந்திரம் தெரிந்த ரெண்டு பேர் ஒரே நேரத்தில் போட்டால் சேவ் டிசி, அதாவது எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய எண், 2 கூடும். இருபது பக்க டைஸில் அது 10 சதவீதம். ஃபயர்பாலுக்கு இதைச் செய்வது தண்டம். ஹோல்டு பெர்சன் மாதிரி, பட்டால் முழுசு, படாவிட்டால் பூஜ்யம் என்கிற மந்திரங்களுக்குச் செய்யலாம். ஆனால் ரெண்டு பேருக்கும் ஆக்‌ஷனும் போகணும், ஸ்லாட்டும் போகணும்.

பெரிய மந்திரம் வேண்டும் என்றால் சண்டைக்கு வெளியே வையுங்கள். பாத்ஃபைண்டர் என்கிற இதே மாதிரி விளையாட்டின் ரெண்டாம் பதிப்பில் ரிச்சுவல்கள், அதாவது சடங்கு மந்திரங்கள், அப்படித்தான். செத்தவரை எழுப்ப ஒரு முழு நாள், முக்கிய ஆளோடு துணைக்கு ரெண்டு பேர். துணை ஆள் சொதப்பினால் முக்கிய ஆளின் டைஸ் அடிவாங்கும். அதனால் யாரும் சும்மா பேட்டரியாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

சேர்ந்து போடும் வீட்டு விதிக்கு உங்கள் டிஎம் ஒத்துக்கொண்டால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும் தம்பி. அந்தக் குகை மந்திரவாதிக்கும் சீடர்கள் இருப்பார்கள், விதி அவர்களுக்கும்தான். முதலில் சீடர்களை அடியுங்கள்.