கடல் நம் வீட்டுக்குள் வந்துவிடுமா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. கடலூரிலிருந்து ஒரு தாய் அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசித்துவிடுகிறேன். "ஐயா, என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் புவி வெப்பமாவது பற்றி ஒரு காணொளி காட்டினார்களாம். அன்றிலிருந்து இரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, கடல் நம் வீட்டுக்குள் வந்துவிடுமா என்று கேட்கிறாள். வராது, படு என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தரத்தான் வேண்டுமா?"

அம்மா, கடலூர் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். வீட்டில் பாட்டி இருக்கிறாரா? 2004 டிசம்பர் 26 உங்கள் ஊரில் இன்னும் எல்லா வீட்டுப் பேச்சிலும் இருக்கும். பள்ளியில் பார்த்த பனி உருகும் படத்தையும் பாட்டி சொன்ன அலையையும் உங்கள் மகள் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். முதலில் அந்தத் தையலைப் பிரியுங்கள். சுனாமி வந்தது சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால். புவி சூடாவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் ஒரு எச்சரிக்கை மையம் இரவு பகலாக இதைக் கண்காணிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். யாரோ விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் தூங்குவார்கள்.

அடுத்தது கடல் மட்டம் உயர்வது. இதற்கு அவளுடைய பென்சில் பெட்டியில் இருக்கும் ஸ்கேல் போதும். கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் உலகக் கடல் மட்டம் சராசரியாக ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர். ஸ்கேலில் நான்கு சின்னக் கோடுகளை அவளையே எண்ணச் சொல்லுங்கள். இன்று இரவு கடல் ஏறிவராது என்பதை உங்கள் வாய்ச்சொல்லுக்காக அவள் நம்ப வேண்டியதில்லை, அவள் கண்ணே பார்த்துவிடும்.

ஆனால் "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். 1993-இல் செயற்கைக்கோள் கொண்டு அளக்கத் தொடங்கியபோது இருந்த வேகம் இன்று ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. நான்கு கோடு என்பது ஓர் ஆண்டுக்கு. அவள் பாட்டியாகும்போது எத்தனை கோடு என்று அவளே ஒருநாள் பெருக்கிப் பார்ப்பாள். அன்றைக்கு, அம்மா நம்மிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. மெதுவாக வருகிறது, உண்மையாகவே வருகிறது, அதைக் குறைக்கப் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. எட்டு வயதுக்கு இவ்வளவு போதும்.

சொல்லித்தர வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும். ஆனால் வட துருவத்தில் தொடங்க வேண்டாம். பழைய நேயர்கள் சிரிப்பார்கள், இதோ பாட்டிலை எடுக்கப்போகிறார் என்று. ஆம், எடுத்துவிட்டேன். ஏரிகளைப் பற்றிப் பேசியபோது, மாடியில் விழும் மழையை அளக்கக் காட்டிய அதே பாட்டில்தான். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். கழுத்துக்குக் கீழே, வளைவு முடியும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆகிவிடும். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் நேராக அளக்க முடியாது. கூழாங்கல் போட்டு, கல் மூழ்கி, பக்கவாட்டுச் சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் பூஜ்யம். அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்துங்கள். தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்க்க வேண்டும். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது. அவர்கள் வெளியிடும் பட்டியலில் கடலூருக்கு நேரே இருக்கும் எண்ணையும் தன் நோட்டில் இருக்கும் எண்ணையும் அவள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்று அவள் கேட்பாள் பாருங்கள், அங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஒரு தெருவில் கொட்டும் மழை அடுத்த தெருவில் தூறிவிட்டுப் போகும் என்பது புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது.

நம் மானாவாரி விவசாயிகள் கருவி இல்லாமலே அளந்தவர்கள். "நேற்று ஒரு உழவு மழை" என்பார்கள். ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்தது என்று கணக்கு. சென்னையில் 1813 முதல் மழை அளவு பதிவாகியிருக்கிறது. இருநூறு ஆண்டுக் கணக்கு! அதனால்தான் எது வழக்கமான மழை, எது வழக்கத்துக்கு மாறானது என்று இன்று பேச முடிகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்தப் பாட்டிலில் முப்பது சென்டிமீட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று முறை நிரம்பி மேலும் வழிந்திருக்கும். பாட்டிலைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த எண் புரியும். அதே நேரத்தில், ஒரே ஒரு மழையைக் காட்டி இதுதான் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிடவும் கூடாது. முப்பது ஆண்டு சராசரியை வைத்துத்தான் காலநிலை என்று பேசுகிறார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது என்பதை அவள் ஏழாம் வகுப்புக்கு வந்ததும் சொல்லலாம்.

பள்ளிகளில் என்ன நடக்கிறது? ஜூன் 5 வந்தால் சுற்றுச்சூழல் தினம். பூமி உருண்டை செய்துவரச் சொல்கிறார்கள். அப்பா முந்தைய நாள் இரவு கடைக்கு ஓடுகிறார், தெர்மாகோல் உருண்டை வாங்க! அதற்கு நீலப் பெயிண்ட், மேலே ஜிகினாத் தூள். பரிசு கொடுத்து முடித்ததும் பூமி குப்பைத் தொட்டிக்குப் போகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அந்த வேலையில் இருந்தவன்தான். மேலிருந்து அறிக்கை கேட்பார்கள், புகைப்படம் கேட்பார்கள். ஒரு பிள்ளை மூன்று மாதம் மழை அளந்த நோட்டைப் புகைப்படம் எடுத்தால் அது ஒன்றும் அழகாக இருக்காது.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள், ஆறாம் வகுப்பு. நான் சொன்னேன் என்று மழை அளந்தாள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் என்று வகுப்பில் படித்திருக்கிறாள். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். அன்றைக்குப் பத்து மில்லிமீட்டர் மழை. 930 லிட்டர். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 62 குடம். அன்று காலை அவர்கள் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர் வந்திருக்கிறது. அவள் கீழே இறங்கிவந்து சங்கச் செயலாளரிடம், "மாமா, எங்கள் மாடியில் விழுந்த 62 குடம் தண்ணீர் எங்கே போனது?" என்று கேட்டுவிட்டாள். மாடியிலிருந்து வரும் குழாயைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால், அது நேராகத் தெருச் சாக்கடையில் முடிகிறது. மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருந்த இடத்தில் சிமென்ட் பூசி, மேலே யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-இல் ஆணை வந்துவிட்டது. அந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே!

அதனால், அம்மா, "பிள்ளைக்கு என்ன சொல்லித்தரலாம்" என்று கேட்டீர்கள். "பிள்ளை திருப்பிக் கேட்டால் நான் என்ன பதில் வைத்திருக்கிறேன்" என்றும் யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ஆசை. பல் துலக்கும்போது குழாயை மூடு, விளக்கை அணை என்று எல்லாப் பாரத்தையும் எட்டு வயதின் தலையில் ஏற்றுகிறோம். மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு அவள் பொறுப்பு அல்ல, அவளிடம் சாவியும் இல்லை, ஓட்டும் இல்லை. அந்தச் சிறுமி கேட்ட பிறகு செயலாளர் கொஞ்ச நாள் லிஃப்டில் அவளைப் பார்த்தாலே பேச்சை மாற்றினார். பிறகு கூட்டத்தில் வைத்து, ஆளைக் கூப்பிட்டுச் சிமென்டை உடைத்தார்கள். உள்ளே கூழாங்கல்லும் மணலும் அப்படியே இருந்தன, மேலே சேறுதான் ஓரடி.

உங்கள் மகளுக்கு இன்னும் சங்கக் கூட்டம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், கடலூருக்குப் பெரும்பங்கு மழை அதில்தான். அதற்குள் பாட்டிலைத் தயார் செய்யுங்கள். வெட்டுவது நீங்களாக இருங்கள், விளிம்பு கையைக் கிழிக்கும், மேலே ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். எட்டரைக்கு அளந்ததும் பூஜ்யக் கோடு வரை மட்டும் விட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும். மழை இல்லாத நாட்களில் வாரம் ஒருமுறை முழுவதும் கவிழ்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லையென்றால் மழைமானியில் கொசு வளர்த்ததாக என்னைத் திட்டி அடுத்த கடிதம் எழுதுவீர்கள்.

சரி, அடுத்த கேள்வி மண்புழு உரத் தொட்டியில் எறும்பு வருவது பற்றி.