ஓராண்டுத் தொடர்க் கணக்கு: 212 மணி நேரம்

வணக்கம். பின்னால் கேட்கும் கடகடச் சத்தம் எங்கள் வீட்டு மின்விசிறி. நிறுத்தினால் எனக்கு வியர்க்கும், ஓடவிட்டால் உங்களுக்கு இரைச்சல். இன்றைக்கு உங்களுக்குத்தான் இரைச்சல் என்று முடிவு செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, இந்த நீள நோட்டு தெரிகிறதா? மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். கடையில் மிச்சமான பேரேடு இது. 2025 ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பார்த்த தொடர்களையெல்லாம் இதில் பதிந்து வைத்தேன். தேதி, பெயர், எத்தனை பகுதி, எத்தனை நிமிடம். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு வரி: மறுநாள் கடையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தொடரிலிருந்து எது தானாக நினைவுக்கு வந்தது என்று.

முதலில் கூட்டுத்தொகையைச் சொல்லிவிடுகிறேன். தொடங்கியவை 17, முடித்தவை 11, பாதியில் விட்டவை ஆறு. மொத்தம் 212 மணி நேரம். 24ஆல் வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்பது நாள். "ஒரு நவராத்திரி முழுக்கக் கண் விழித்திருக்கிறாய், சுண்டல்கூடக் கிடைக்கவில்லை" என்றார் அம்மா. பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் வருடக் கடைசியில் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. கொலைகாரன் யார் என்பது ஒரு வரியில்கூட இல்லை. காதல் இல்லை. இருப்பதெல்லாம் இப்படி: "பெட்ரோல் டேங்க் மூடி." "கதவில் சிக்கிய மேசை." "வேன் மேல் பெயிண்ட்." "கூரை மேல் சல்லி அள்ளுவது." யாரோ ஒருவர் தம் கையால் ஒரு வேலை செய்கிறார், அது மட்டும்தான் என் மண்டையில் தங்கியிருக்கிறது.

பெட்ரோல் டேங்க் மூடி என்பது "பெட்டர் கால் சால்" தொடரில் வருவது. 2015 முதல் 2022 வரை வந்தது, ஆறு பருவம், 63 பகுதி. மூன்றாம் பருவத்தின் முதல் பகுதியில் மைக் என்ற முன்னாள் போலீஸ்காரருக்கு, தம்மை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சந்தேகம் வருகிறது. காரைப் பழைய இரும்புக் கிடங்குக்குக் கொண்டுபோய் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுகிறார். இருக்கை, கதவு, உள்தகடு எல்லாம் கழன்று கிடக்கின்றன. ஒன்றும் கிடைக்கவில்லை. அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது, அங்கே விற்பனைக்கு வைத்திருக்கும் டேங்க் மூடிகள் கண்ணில் படுகின்றன. கார் போகும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி அந்த மாதிரி மூடிக்குள் இருக்கிறது. ஏறக்குறைய வசனமே கிடையாது. ஒரு கிழவர் திருப்புளியோடு போராடுவதை நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். எட்டணா வித்தியாசத்துக்காக ஒரு மாதப் பில்களைப் புரட்டியவர்களுக்கு அந்த முகம் புரியும்.

மேசை என்பது "தி வயர்". 2002 முதல் 2008 வரை வந்தது, 60 பகுதி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் போலீஸ் கதை. எழுதிய டேவிட் சைமன் அந்த ஊரில் செய்தியாளராக இருந்தவர். கூட்டாளி எட் பர்ன்ஸ் அங்கேயே போலீஸில் இருந்துவிட்டுப் பிறகு பள்ளி ஆசிரியரானவர். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் தூங்கிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போதைப்பொருள் கும்பலின் போனை ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கவே பல பகுதி ஆகிறது. நான்காம் முறை அந்த மேசைக் காட்சிவரை வந்தேன், அதற்குப் பிறகு விடவில்லை. ஒரு பெரிய மேசை வாசலில் சிக்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் சில போலீஸ்காரர்கள், அந்தப் பக்கம் சிலர். தள்ளுகிறார்கள், முக்குகிறார்கள், ஓர் அங்குலம் நகரவில்லை. களைத்துப்போன ஒருவர், "இந்த வேகத்தில் போனால் இதை உள்ளே கொண்டுபோகவே முடியாது" என்கிறார். இன்னொருவர் திகைத்து, "உள்ளேயா?" என்கிறார். இவ்வளவு நேரமும் ஒரு கோஷ்டி வெளியே தள்ளியிருக்கிறது, இன்னொரு கோஷ்டி உள்ளே தள்ளியிருக்கிறது! எங்கள் கடையில் சரக்கு இறக்கும் நேரத்தில் இதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். அந்த நகரத்து நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று அறுபது பகுதியில் சொன்னதை அந்த ஒரு மேசையிலேயே சொல்லிவிட்டார்கள் என்பேன்.

"செர்னோபில்" ஐந்தே பகுதி, 2019. வெடித்த அணு உலைக் கட்டடத்தின் கூரையில் சிதறிக் கிடக்கும் கிராஃபைட் துண்டுகளை மனிதர்கள் மண்வெட்டியால் அள்ளிக் கீழே தள்ளவேண்டும். ஒருவருக்கு 90 விநாடிதான், அதற்கு மேல் நின்றால் கதிர்வீச்சு ஆபத்து. அந்த 90 விநாடியையும் வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காட்டுகிறார்கள். திரும்பும்போது அந்தச் சிப்பாய் தடுக்கி விழுகிறான், பூட்ஸ் கிழிந்திருக்கிறது. "உன் வேலை முடிந்தது" என்கிறார்கள். எந்த அர்த்தத்தில் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேன் மேல் பெயிண்ட் என்பது மார்ச் மாதம் வந்த "அடோலசன்ஸ்". நான்கு பகுதி, ஒவ்வொரு பகுதியும் ஒரே ஷாட். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கொலைக் குற்றத்தில் கைதாகிறான். பையனாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு, செப்டம்பரில் பதினைந்து வயதில் எம்மி விருது வாங்கிவிட்டான். எல்லோரும் மனநல நிபுணர் வரும் மூன்றாம் பகுதியைத்தான் பேசினார்கள், அதுவும் சரிதான். எனக்கு நின்றது நான்காவது. அப்பா குழாய் வேலை செய்கிறவர். பிழைப்புக்கான வேனில் யாரோ அசிங்கமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மனிதர் சுரண்டிப் பார்க்கிறார், கடைக்குப் போய்ப் பெயிண்ட் வாங்குகிறார், கடைசியில் ஆத்திரத்தில் அதை அப்படியே வண்டி மேல் கொட்டுகிறார். அழுகையைவிட அந்தக் கொட்டல் என்னை அதிகம் படுத்தியது.

"செவரன்ஸ்" இரண்டாம் பருவத்துக்காக வெள்ளிதோறும் காத்திருந்தேன். முதல் பருவத்தில் ஓர் அலுவலகத்தில் நான்கு பேர் கணினித் திரையில் மிதக்கும் எண்களைப் பார்த்து, பயமுறுத்தும் எண்களைப் பிடித்துப் பெட்டியில் போடுவார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது. மார்ச் 31 நெருங்கும்போது என் திரையிலும் எண்கள் பயமுறுத்தத்தான் செய்யும், ஆகவே எனக்கு அது கற்பனைக் கதையாகவே படவில்லை. இரண்டாம் பருவத்தில் அந்த மேசை வேலை குறைந்து தாழ்வார ஓட்டம் கூடிவிட்டது. எனக்குக் குறைதான். நம் "சுழல்" முதல் பருவத்தில் சிமெண்ட் ஆலை எரிகிறது, நன்றாகவே எரிகிறது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் மறுநாள் அடுப்புக்கு என்ன செய்தார்கள் என்பதை, கதையில் வரும் ஊர்த் திருவிழா மூடிவிட்டது.

இதை அம்மாவிடம் சொல்லி, நம் தொடர்களில் யாரும் வேலைக்கே போவதில்லை என்று குறைபட்டேன். 2002இல் "மெட்டி ஒலி" தொடங்கியதிலிருந்து ஒரு நாள் விடாமல் பார்த்து, 2020 ஊரடங்கில் மறுஒளிபரப்பையும் பார்த்தவர் அவர். "ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுப்பது வேலை இல்லையா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டார்.

சரி, நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதிய ஒரே தொடருக்கு வருகிறேன். "மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்". 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரிட்டனில் நான்கு இரவு ஓடியது, நான் ஓராண்டு தாமதமாகப் பார்த்தேன். அந்த நாட்டில் சிற்றூர்களில் கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்துகிறவர்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொடுத்தார்கள். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. ஒப்பந்தப்படி அந்தப் பணத்தை நடத்துகிறவர்களே கட்டவேண்டும். கட்டினார்கள், வீட்டை அடகு வைத்தும் கட்டினார்கள். கேட்டவர்களிடம், "உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது" என்றது அஞ்சல் நிறுவனம். 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள்.

அப்படி அஞ்சலகம் நடத்திய ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணியின் காட்சி இருக்கிறது. 2,000 பவுண்டு குறைகிறது. உதவி எண்ணுக்குப் போன் செய்கிறார். அவர்கள் சொன்னபடியே ஒவ்வொரு விசையாக அழுத்துகிறார். கண்முன்னே 2,000 என்பது 4,000 ஆகிறது. நடந்த கதை இது. நான் அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ஏனென்றால், முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு ராத்திரி கல்லாவில் 1,850 ரூபாய் குறைந்தது. நான்கு முறை எண்ணினேன். என் சம்பளத்தில் பிடித்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருப்பதை நானே கண்டுபிடித்துக் காட்டினேன். "சரி, விடு" என்றார்கள். பணம் வரவில்லை. பணத்தைவிட, அந்த மூன்று வாரமும் என் பையை அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, அது ஒரு கணக்கிலும் ஏறாது.

இந்த அநியாயத்தை "கம்ப்யூட்டர் வீக்லி" பத்திரிகை 2009லேயே எழுதிவிட்டது. 2019இல் உயர் நீதிமன்றமே ஹொரைசனில் பிழை உண்டு என்று சொல்லிவிட்டது. 2021இல் ஜோ உட்பட 39 பேரின் தண்டனை ரத்தானது. ஆனாலும் தொடர் முடிந்த ஆறாம் நாள்தான், எல்லோரையும் விடுவிக்கச் சட்டம் வரும் என்று பிரதமர் அறிவித்தார். மே மாதம் சட்டம் வந்தது. நாடகம் போட்டால்தான் நம்புவார்கள் போலிருக்கிறது.

இதை மறுபடி பார்த்தபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தார். ஆங்கிலம் தெரியாது, நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். முடிந்ததும் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பணம் கடைசியில் எங்கேதான் போயிற்று?" என்று கேட்டார்.

"எங்கேயும் போகவில்லை அம்மா. குறையவே இல்லை."

"உன் 1,850?"

"அதுவும்தான்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நான் கடைசிக் கட்டத்தில் "4,000" என்று மட்டும் எழுதினேன். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், சிவப்பு தெரிகிறதா? சரி, மணி எட்டரை ஆகிவிட்டது, கடை திறக்கவேண்டும். வருகிறேன்.