ஐந்து கோப்பை, ஒரே தண்ணீர், ஒரே நேரம்

வணக்கம் உறவுகளே. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் உங்களுக்கும் கேட்கும் என்று நினைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் தலவாக்கலையில் இருந்துகொண்டு மழை விட்ட பின்னர்தான் பேசுவேன் என்று காத்திருந்தால் இந்தக் காணொளி செப்டெம்பரில்தான் உங்கள் கைக்கு வரும்.

மேசையில் ஐந்து வெள்ளைக் கோப்பைகள் இருக்கின்றன. இடப்பக்கத்திலிருந்து நுவரெலியா, திம்புள்ள, ஊவா என்ற மூன்று மலைப்பகுதிகளின் தேயிலை, தெற்கேயுள்ள தாழ்நிலத் தேயிலை, கடைசியாக எங்கள் வீட்டில் அன்றாடம் ஊற்றுகின்ற டஸ்ட் தூள். கோப்பை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பூப்போட்ட கோப்பையில் சாயத்தின் நிறம் பார்ப்பது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சேலைக் கடைக்குப் போவதைப் போன்றது.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற முறை நான் செய்த ஒப்பீட்டில், நீண்ட இலையாக இருந்த தாழ்நிலத் தேயிலையை, பொடிக்குச் சற்று மேலான திம்புள்ளத் தேயிலைக்கு எதிரே வைத்துவிட்டு, திம்புள்ளதான் கடுப்பு அதிகம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பல வருடங்கள் வேலை செய்த ஓர் அண்ணன், "தங்கச்சி, நீங்கள் ஒப்பிட்டது இரண்டு ஊரை அல்ல, இரண்டு சல்லடையை" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதுதான் சரி. பீ.ஓ.பீ (புரோக்கன் ஓரெஞ்ச் பெக்கோ), ஓ.பீ (ஓரெஞ்ச் பெக்கோ), டஸ்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் எழுத்துகள் தேயிலையின் தரத்தைச் சொல்வன என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அவை, காய்ந்த தேயிலையைச் சலிக்கும்போது எந்த அளவுக் கண்ணில் அது நின்றது என்பதைச் சொல்லும் பெயர்களே. ஓரெஞ்ச் பெக்கோ என்ற பெயரில் வருகிற ஓரெஞ்சுக்கும் தோடம்பழத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. துகள் சிறியதாக இருந்தால் தண்ணீர் படுகின்ற பரப்புக் கூடுவதால் சாயம் விரைவாக இறங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே இன்றைய வரிசையில் முதல் நான்கும் பீ.ஓ.பீ. ஐந்தாவதை மட்டும் தெரிந்தே விதிவிலக்காக வைத்திருக்கிறேன். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் 2.8 கிராம் தூள், 140 மில்லிலீற்றர் தண்ணீர், ஆறு நிமிடம். தூளின் அளவும் தண்ணீரின் அளவும் கொழும்பில் தேயிலை சுவைப்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் கணக்கு. முன்னாளில் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் தேயிலையைப் போட்டு நிறுத்தார்கள். அந்த நாணயத்தின் எடைதான் இந்த 2.8. என்னிடம் நாணயம் இல்லை, நகை நிறுக்கிற சிறிய மின்தராசு இருக்கிறது. கரண்டிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தேக்கரண்டி டஸ்டும் ஒரு தேக்கரண்டி இலைத் தேயிலையும் ஒரே எடை அல்ல. டஸ்ட் இடைவெளியில்லாமல் அடைந்து நிற்கும், இலை காற்றையும் சேர்த்துக்கொண்டு நிற்கும்.

தண்ணீர் பீலியில் பிடித்தது. மலையில் வருகின்ற தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு என்பதால், அது தேயிலையின் நிறத்தையும் துடிப்பையும் மறைக்காது. யாழ்ப்பாணத்தில் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது, இங்கிருந்து கொண்டுபோன அதே பெட்டித் தேயிலையை அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரில் ஊற்றினோம். மேலே மெல்லிய ஆடையொன்று படர்ந்து, நிறம் மங்கி, ஏதோ பழைய தேத்தண்ணியைப் போல இருந்தது. தேயிலையில் குற்றம் இல்லை, அது சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணீர். மலைத் தண்ணீருக்கும் ஒரு குறை உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது, எங்கள் வீட்டில் 96 பாகையளவில். கொழும்பில் இருப்பவர்கள் ஐந்து நிமிடத்தில் எடுக்கின்ற சாயத்தை எடுக்க நமக்கு இன்னும் ஒரு நிமிடம் வேண்டும் என்பது என்னுடைய சொந்தக் கணிப்பு. ஆறு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

இன்னொரு சங்கதி. இன்று காலையில் முதல் சுற்று ஊற்றியபோது நுவரெலியாக் கோப்பையிலிருந்து கறிவாசம் வந்தது. இரண்டு வாரமாக அந்தப் பொட்டலத்தை நான் வறுத்த கறித்தூள் டப்பாவுக்கு அருகில், வாயைச் சரியாக மடிக்காமல் வைத்திருந்திருக்கிறேன். காய்ந்த தேயிலை பஞ்சைப் போன்றது, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் ஈரத்தையும் வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதைத் தேத்தண்ணியென்று குடிக்கவும் முடியவில்லை, ரசமென்று சோற்றில் ஊற்றவும் முடியவில்லை. டவுனுக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்த பின்னர்தான் இந்தப் படப்பிடிப்பு.

சரி, கேமராவைச் சற்றுக் கீழே திருப்புகிறேன்.

நுவரெலியாவின் நிறத்தைப் பாருங்கள், மிக மெல்லிய பொன்னிறம், கோப்பையின் அடி அப்படியே தெரிகிறது. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்கிறது, ஸ்டோரிலும் அதை அதிகம் கறுக்க விடுவதில்லை. உருட்டு இயந்திரத்தில் கொழுந்து கசங்கும்போது அதன் சாறு காற்றோடு சேர்ந்து பச்சை நிறம் செம்பு நிறமாக மாறுகிற கட்டத்தை நொதித்தல் என்று சொல்வது வழக்கம். மாவு புளிப்பதைப் போன்ற நொதித்தல் அல்ல அது, வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதைப் போன்றது. அந்த மாற்றத்தில் இரண்டு வகைப் பொருள்கள் பிறக்கின்றன. தியாஃபிளவின் என்பது பொன்னிற ஒளியையும் நாக்கைச் சுண்டுகிற துடிப்பையும் தருகிறது, தியாருபிஜின் என்பது செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தருகிறது. இந்தக் கோப்பையில் கனம் இல்லை. உறிஞ்சிப் பார்க்கிறேன், சத்தத்துக்கு மன்னிக்கவும், காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் வாசம் மூக்குவரை ஏறும். மென்மை, துப்புரவு, கடைசியில் சிறு துவர்ப்பு. பாலை மறந்துவிட வேண்டிய தேயிலை இது.

திம்புள்ள என்பது நம்முடைய பக்கம்தான். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை என்று மேற்குச் சரிவு முழுவதும் அந்தப் பெயருக்குள் அடங்கும். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்றின் மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, வறண்ட குளிர்காற்று மட்டும் இந்தப் பக்கம் வீசும் காலத்தில் பறித்த கொழுந்துதான் இங்கே உயர்ந்தது. இந்தப் பொட்டலம் பெப்ரவரிக் கொழுந்து. நிறம் கூடுதலான பொன்சிவப்பு. சுவைப்பவர்கள் இதன் துடிப்பைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். அதை விளங்கிக்கொள்ள நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அறுசுவையில் துவர்ப்பையும் கசப்பையும் நாம் முன்பே பிரித்து வைத்திருக்கிறோம். கசப்பு பாகற்காயில் இருக்கிறது, துவர்ப்பு நாவற்பழத்தில் இருக்கிறது, நாக்கை இழுத்துப் பிடித்துப் பிறகு விடுவது துவர்ப்பு. நல்ல திம்புள்ளயில் துவர்ப்பு வந்து உடனே விலகிவிடும், அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கிவிட்டுப் போகும். அதுவே கசப்பாக நின்றால் அதிக நேரம் ஊற விட்டீர்கள் என்று பொருள்.

ஊவாவைத்தான் நான் உண்மையில் பேச வந்தேன். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம், மலையின் கிழக்குச் சரிவு. இப்போது எங்கள் கூரையில் கொட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தென்மேற்கு மழை மேற்குச் சரிவிலேயே தன் நீரை இறக்கிவிடுகிறது; மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது அது வெறும் வறண்ட காற்று. அதைத்தான் கச்சான் காற்று என்கிறோம். கடலை விற்பவரிடம் கேட்கிற கச்சான் அல்ல, காற்றின் பெயர். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் தேயிலைச் செடி தண்ணீருக்குத் தவிக்கிறது. தவிக்கின்ற செடியின் கொழுந்தில் மெதைல் சாலிசிலேட் என்ற வாசப்பொருள் கூடுகிறது. பெயர் புதிதாக இருக்கலாம், வாசம் உங்களுக்குத் தெரிந்ததே. சுளுக்குக்குத் தேய்க்கும் தைலத்தில் மூக்கைத் துளைக்கிற அதே வாசம். நான் முதன்முதலாக நல்ல ஊவாத் தேயிலையைக் குடித்தபோது, முழங்காலுக்குத் தைலம் தடவிய கையால் யாரோ கோப்பையைக் கழுவியிருக்கிறார்கள் என்றே எண்ணினேன். இது சென்ற வருட ஓகஸ்ட் மாதத்தது. மூடியைத் திறக்கிறேன், ஊறிய சக்கையை முகர்ந்து பார்க்கிறேன். இருக்கிறது, அந்தக் குளிர்ச்சி அப்படியே இருக்கிறது. சக்கையின் நிறத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன்: புதிதாகத் துலக்கிய செம்புக் குடத்தின் நிறம். அதே ஊவாவில், மழை பிடித்த நவம்பரில் பறித்த கொழுந்தில் இந்த வாசத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே கடையில் ஊவாவா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள், எந்த மாதக் கொழுந்து என்பதையும் கேளுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

தாழ்நிலத் தேயிலை என்பது 2,000 அடிக்குக் கீழே, காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் விளைவது. மலைநாட்டில் இருக்கிற நமக்கு அதன்மேல் ஓர் இளக்காரம் உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால் நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் அங்கேதான் விளைகிறது, பெரும்பாலும் சிறு தோட்டக்காரர்களின் கையில். மத்திய கிழக்கு நாட்டவர் அதை விரும்பி வாங்குகிறார்கள். கோப்பையைப் பாருங்கள், கருஞ்சிவப்பு. வாயில் கனமாக, கருப்பட்டிப் பாகு காய்ச்சுகிற வாசத்தோடு நிற்கிறது. துடிப்பு குறைவு, ஆனால் நிறைவு இருக்கிறது.

இனி எங்கள் வீட்டு டஸ்ட். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். அவர் பறித்த கொழுந்தில் பெரும்பகுதி கப்பலேறியது, வீட்டுக்கு வந்தது இந்தத் தூள்தான். டஸ்ட் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை, நல்ல டஸ்டும் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகிறது. ஆனால் இதை ஆறு நிமிடம் ஊற விட்டது என்னுடைய முட்டாள்தனம். இரண்டு நிமிடத்திலேயே இது தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்துவிடும், மீதி நான்கு நிமிடமும் கசப்பைத்தான் இறக்கியது. ஒரே அளவுகோல் எல்லோருக்கும் நியாயம் செய்துவிடாது என்பதைக் காட்டத்தான் இதையும் வரிசையில் வைத்தேன். இப்போது அதன் பலனை என் நாக்கு அனுபவிக்கிறது.

இரண்டாம் சுற்றில் ஐந்துக்கும் ஒரே அளவு பால்மாவும் சீனியும் சேர்த்து, கோப்பையின் அடியில் பெயரை ஒட்டி, எது எதுவென்று சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கேமரா முன்னால் வர மாட்டார், ஆகவே நானே சொல்கிறேன். பால் சேர்ந்தவுடன் வரிசை தலைகீழாகிவிட்டது. பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், அந்தச் சிறு துவர்ப்பையே சொத்தாக வைத்திருந்த நுவரெலியா ஒன்றுமில்லாமல் போய்விட்டது. "இது என்னா புள்ள, கோப்ப கழுவுன தண்ணியா?" என்று அதைத்தான் முதலில் தள்ளி வைத்தார். ஊவாவை முகர்ந்துவிட்டு, "மருந்து வாசம் அடிக்குது, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். திம்புள்ளயை அவர் மறுபேச்சில்லாமல் குடித்து முடித்தார். அவர் முதலிடம் கொடுத்ததோ தாழ்நிலத் தேயிலைக்கு. கோப்பையின் அடியைத் திருப்பிக் காட்டியபோது அவருக்குச் சற்றுக் கோபமே வந்துவிட்டது. தான் பறித்த மலையின் தேயிலைதான் வென்றிருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, திம்புள்ளயில் பாலைக் குறைத்து இன்னொரு கோப்பை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். உண்மையிலேயே அது மேலாக இருந்தது.

என்னுடைய தேர்வைக் கேட்டால், காலையில் வெறும் சாயத்தண்ணியாக ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதற்கு ஊவா, மாலையில் ரொட்டியோடும் கட்டசம்பலோடும் பால் தேத்தண்ணியாகக் குடிப்பதற்குத் தாழ்நிலம். நுவரெலியா, விருந்தாளி இல்லாத அமைதியான மத்தியானத்துக்கு. கண்டித் தேயிலையை விட்டுவிட்டாயே என்று சிலர் கேட்பீர்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வணிகத்துக்காகத் தேயிலை நட்ட லூல்கந்துரத் தோட்டம் அந்தப் பக்கம்தான் என்பது எனக்கும் தெரியும், நல்ல பீ.ஓ.பீ. கைக்குக் கிடைத்ததும் தனியாகச் செய்கிறேன். பச்சைத் தேயிலையை இந்த வரிசையில் வைக்கவே மாட்டேன், அதற்குக் கொதிநீரே ஆகாது.

கேமராவை நிறுத்துவதற்கு முன்னர் இதை மட்டும் பாருங்கள். முதல் சுற்றில் மிஞ்சிய திம்புள்ளக் கோப்பை முக்கால் மணித்தியாலமாக இந்தக் குளிரில் ஆறிக் கிடக்கிறது. தெளிவாக இருந்த சாயம் இப்போது கலங்கி, பால் கலந்ததைப் போலத் தெரிகிறது. சூட்டில் கரைந்திருந்த தியாஃபிளவினும் கஃபீனும் ஆறியதும் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டுவிடுகின்றன; தேயிலையில் சத்து இருப்பதற்கு அது நல்ல அடையாளம். சூடாக்கினால் மறுபடியும் தெளியும். நுவரெலியாக் கோப்பை இன்னமும் தெளிவாகவே இருக்கிறது. அம்மா குசினி வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார். "அதுலயும் பால ஊத்திட்டியா?" என்று கேட்கிறார். இல்லை அம்மா, ஊற்றவில்லை.