மலை சரியிறதுக்கு முன்னாடி: லயத்துல இருக்கிற குடும்பம் எப்ப கிளம்பணும்?

வணக்கம். ஐப்பசி கார்த்திகை வந்துட்டாலே இலங்கை மலையகத்துல அந்திக்கு எல்லா வீட்லயும் ஒரே பேச்சுதான், இன்னைக்கு ராத்திரி இங்கேயே படுப்போமா இல்ல பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிருவோமான்னு. லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்ல, இருக்கிறவங்களுக்கு அத பத்தி மட்டும்தான் இந்த வீடியோ. நான் சொல்ல வந்தத இப்பவே சொல்லிடுறேன், அந்த முடிவை ராத்திரி எடுக்காதீங்க, பகல்ல வெளிச்சம் இருக்கும்போதே வீட்ல எல்லாரும் உக்காந்து பேசி எடுத்துருங்க.

மண்சரிவு ஏன் வருதுன்னு மொதல்ல பாத்துருவோம். காஞ்ச மண்ண கையில அள்ளுனா விரல் இடுக்குல உதிரும், கொஞ்சம் ஈரமானா உருண்டையா பிடிக்கலாம், இன்னும் தண்ணி ஊத்துனா கையில நிக்காது, வழிஞ்சு ஓடும். மலையிலயும் இதேதான். மண்ணுக்குள்ள இருக்கிற சின்ன சின்ன இடைவெளியில எல்லாம் தண்ணி நிறைஞ்சு, அந்த தண்ணியோட அழுத்தம் மண் துகள ஒண்ண விட்டு ஒண்ண தள்ளுது, பிடிமானம் போயிருது, மேல உள்ள பாரம் கீழ இறங்குது. பாறைக்கு மேல மண் படிஞ்சு கிடக்கிற சரிவுல இது இன்னும் லேசா நடக்கும். இதுல மனுசன் கையும் இருக்கு. லயத்துக்குப் பின்னால மண்ணை வெட்டி மட்டமாக்குன இடம், தூர் வாராம அடைச்சு கிடக்கிற கான், அதுல போக வேண்டிய தண்ணி எல்லாம் சரிவுக்குள்ளயே இறங்குறது, இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு மலைய பலவீனமாக்குது. அதனால மழை காலத்துக்கு முன்னாடி லயத்துல எல்லாருமா சேர்ந்து ஒரு நாள் கான் வெட்டி விடுறது ரொம்ப பெரிய வேலை, அத தோட்ட நிர்வாகம்தான் செய்யணும்னு கேக்குறதும் நியாயம்தான், ஆனா அவங்க வர்ற வரைக்கும் மழை நிக்காது இல்லையா.

மீரியபெத்தை தோட்டத்துல மலை சரிஞ்சு லயத்த மூடுனத யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2014 அக்டோபர் 29, கொஸ்லந்தைக்கு பக்கத்துல, காலையில 7 மணிக்கு மேல, பிள்ளைங்க சில பேரு ஸ்கூலுக்கு கிளம்பிப் போயிட்டாங்க, திரும்பி வந்து பாக்குறப்போ லயமே இல்ல. அந்த இடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் ஏற்கனவே சொல்லியிருந்தாங்க. எச்சரிக்கை வந்துருச்சு, போறதுக்கு ஒரு இடம்தான் வரல. இத நினைக்கிறப்ப எல்லாம் எனக்கு வயிறு எரியும். 10க்கு 12 அடி காம்பராவுல, ஒரே ஒரு அறையில, மூணு தலைமுறை சேர்ந்து இருக்கிற குடும்பத்துக்கிட்ட, சொந்தமா ஒரு துண்டு காணி கூட இல்லாதவங்ககிட்ட, வெளியேறுங்கன்னு மட்டும் சொன்னா அவங்க எங்க போவாங்க? பாதுகாப்பான இடத்துல சொந்தக் காணியும் வீடும் கிடைக்கிறதுதான் இதுக்கு உண்மையான தீர்வு, அது எல்லாருக்கும் கிடைக்கிற வரைக்கும் நம்ம உயிர நாமதான் பாத்துக்கணும்.

சரி, எச்சரிக்கைய எப்படி படிக்கிறது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூணு கட்டமா அறிவிக்கிறாங்க. 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் மழை தாண்டுனா மஞ்சள், கவனமா இருங்க. 100 தாண்டுனா செம்மஞ்சள், கிளம்ப ரெடியா இருங்க. 150 தாண்டுனா, இல்லாட்டி ஒரே மணி நேரத்துல 75 பேஞ்சா, சிவப்பு, உடனே வெளியேறணும். டிவியில பிரதேச செயலக பிரிவோட பேர சொல்லுவாங்க, உங்க தோட்டம் எந்த பிரிவுல வருதுன்னு வீட்ல சின்னப் பிள்ளைக்கு கூட தெரிஞ்சிருக்கணும்.

ஆனா மலையில ஒரே தோட்டத்தோட ஒரு டிவிஷன்ல கொட்டுற மழை அடுத்த டிவிஷன்ல தூறலாத்தான் இருக்கும். அதனால வீட்லயே அளந்து பாருங்க, செலவே இல்ல. அடியும் வாயும் ஒரே அகலமா இருக்கிற ஒரு டின் எடுங்க, மேல ஒடுங்குன போத்தல் சரி வராது, கணக்கு தப்பா காட்டும். கூரைத் தண்ணி சொட்டாத, மரம் மறைக்காத வெட்டவெளியில, காத்துல சாயாம ரெண்டு பக்கம் கல்லு வச்சு நிறுத்துங்க. காலையில ஒரே நேரத்துக்கு பிள்ளையோட அடிமட்டத்த உள்ள விட்டு பாத்துட்டு கொட்டிருங்க, ஏழரை சென்டிமீட்டர்னா 75 மில்லிமீட்டர், 15 சென்டிமீட்டர்னா 150. மத்தியானமே பத்து சென்டிமீட்டர் நிறைஞ்சிருச்சுன்னா அடுத்த நாள் காலை வரைக்கும் காத்திருக்கிறதுல அர்த்தமே இல்ல. இன்னொண்ணு, நாலஞ்சு நாளா விடாம பேஞ்சு மண் ஊறிப் போயிருந்தா இத விட குறைஞ்ச மழையே போதும், அதனால டின்ல கொஞ்சமாத்தானே இருக்குன்னு தைரியமா படுத்துறாதீங்க.

அடையாளங்களும் இருக்கு. தரையிலயும் சுவர்லயும் புதுசா வெடிப்பு, நேத்து வரைக்கும் சரியா மூடுன கதவு இன்னைக்கு நிலையில இறுகுறது, மரமும் போஸ்டும் சாயிறது, பீலியில, அதாவது ஊத்துத் தண்ணிக் குழாயில, வர்ற தண்ணி திடீர்னு கலங்குறது, இதுவரை ஊத்து இல்லாத இடத்துல ஊத்து வர்றது. இதுல ஒண்ண கண்ணுல பாத்தாலும் சிவப்பு அறிவிப்புக்கு நிக்காதீங்க. ஓடை விஷயத்த தனியா சொல்லணும். மழை விடாம பேயிது, ஆனா ஓடையில தண்ணி திடீர்னு குறைஞ்சு போச்சுன்னா நல்லதுன்னு நினைச்சிருவோம், அப்படி நினைக்கக் கூடாது, மேல எங்கேயோ மண் விழுந்து மறிச்சிருக்கலாம், அது உடைஞ்சா மொத்தமா வரும். கேரளா வயநாட்டுல 2024 ஜூலை 30 விடியிறதுக்கு முன்னாடி சூரல்மலையில நடந்தத பாருங்க, மலை உடைஞ்சது கிலோமீட்டர் கணக்குல தூரத்துல, ஆத்தோட சேர்ந்து வந்த சேறும் பாறையும்தான் கீழ இருந்த ஊர அடிச்சிட்டு போச்சு. எங்க பக்கம் மலையே செங்குத்தா இல்லையேன்னு ஓடைக்கரையில இருக்கிறவங்க நிம்மதியா இருக்க முடியாது.

இப்ப கஷ்டமான பகுதி. எல்லாம் தெரிஞ்சும் குடும்பம் ஏன் கிளம்ப மாட்டேங்குது? ஆளுங்க பிடிவாதக்காரங்கன்னு சொல்றவங்கள எனக்கு பிடிக்காது. பட்டியில மாடு நிக்குது, அது கன்னு போடுற மாசம், அத விட்டுட்டு அப்பா எப்படி வருவாரு? அப்பாயிக்கு நடக்க முடியாது, நான் பிறந்த இடம், செத்தா இங்கயே சாகுறேங்குறாங்க. முகாம்னா ஒரு ஸ்கூல் ஹோல்ல நூறு பேரு, வயசுக்கு வந்த பொம்பளப் பிள்ளைய அங்க படுக்க வைக்க அம்மாவுக்கு மனசு வரல, ராத்திரி டொய்லட் போக டோர்ச் கூட இல்ல. வேலைக்கு போகலைன்னா பேர் விழாது, அன்னைக்கு சம்பளம் இல்ல. போன வருசமும் போனோம் ஒண்ணும் நடக்கலையேன்னு வேற ஒரு பேச்சு வரும். இவ்வளவையும் ராத்திரி பதினொரு மணிக்கு, கரண்ட் இல்லாம, கூரைத் தகரத்துல மழை அடிக்கிற சத்தத்துல பேசி முடிக்க முடியுமா? முடியாது. அதனாலதான் பகல்லன்னு சொல்றேன்.

பகல்ல என்ன பேசணும்? யாரு அப்பாயிய தூக்கிட்டு வர்றது, நாற்காலியோட தூக்குறதா, அதுக்கு ரெண்டு ஆளு பேர் சொல்லி முடிவு பண்ணுங்க. மாட்ட முன்கூட்டியே மேட்டு நிலத்துல இருக்கிற சொந்தக்காரங்க பட்டியில கொண்டு போய் கட்டுங்க, அதுக்கு வழி இல்லைன்னா கடைசி நேரத்துல கயித்த அவுத்து விட்டுருங்க, கட்டிப் போட்ட மாட்டுக்குத்தான் வழியே இல்ல. முகாமுக்கு முன்னாடி ஒரு உறவுக்காரங்க வீட்ட யோசிங்க, மாமா வீட்ல நாலு நாள் நெருக்கடியா இருந்தாலும் பரவால்லன்னு இப்பவே போன் போட்டு கேட்டு வைங்க. போற பாதை ஓடைய கடக்கக் கூடாது, வெட்டுன மண் சரிவுக்கு அடியில போகக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் வந்தப்ப 600க்கு மேல ஆளுங்க செத்துப் போயிட்டாங்க, நிறைய இடத்துல கரண்டும் போன் சிக்னலும் ரோடும் ஒண்ணா போச்சு, ஏ.எல். உயர்தர எக்ஸாமயே ஒத்திவைச்சாங்க. அதனால கடைசி நேரத்துல போன் போட்டு கேட்டுக்கலாம்ங்குற நினைப்பே வேணாம், எங்க சந்திக்கிறதுன்னு ஒரு இடத்த வாயாலயே பேசி வச்சுக்கோங்க. சிக்னல் இருந்தா அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, எம்புலன்ஸ் 1990.

பை ஒண்ணு கதவு பக்கத்துல தொங்கணும். ஐடி, பிறப்பு அத்தாட்சி, பேங்க் புக், இ.பி.எப். சேமலாப நிதி பேப்பர், கிளினிக் கொப்பி, பிரஷர் சீனி மருந்து, அப்புறம் நகை அடகு வச்ச ரிசீட், இத எல்லாரும் மறந்துருவாங்க, அது போச்சுன்னா நகைய மீட்க அலையணும். எல்லாத்தையும் பொலித்தீன் உறையில ரெண்டு தடவை சுத்துங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்கு பேட், ஒரு டோர்ச், பால்குடி பிள்ளை இருந்தா அதுக்கு மாத்துத் துணி. உடுப்புப் பெட்டிய இழுக்காதீங்க, பிள்ளைய தூக்குற கை ஒண்ணு குறைஞ்சிரும்.

கீழ வயல் பக்கம் வெள்ளத்துல இருக்கிறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்ச்ச ஓஃப் பண்ணுங்க. தண்ணி வடிஞ்சதும் கிணத்த இறைச்சு குளோரின் போட்ட பிறகுதான் குடிக்கிறது, அதுவும் கொதிக்க வச்சு. சேத்துல வெறுங்காலோட இறங்கி வேலை செஞ்சா எலிக்காய்ச்சல் வரலாம், அதுக்கு தடுப்பு மாத்திரை இருக்கு, இறங்குறதுக்கு முன்னாடியே பொது சுகாதார பரிசோதகர் பி.எச்.ஐ. கிட்ட கேளுங்க. காய்ச்சலோட கெண்டைக்கால் சதை வலிச்சா வீட்ல வச்சு பாக்காம ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.

கடைசியா, திரும்பிப் போறது. மழை விட்டு வெயில் அடிச்சதும் மாடு பட்டினியா நிக்குமேன்னு அப்பாமாரு மட்டும் பகல்ல லயத்துக்கு ஏறுவாங்க, எதையாவது எடுத்துட்டு வருவோம்னு அம்மாவும் பின்னாலயே போவாங்க. மண்ணுக்குள்ள இறங்குன தண்ணி வெயில் வந்த உடனே வடியாது, மழை விட்டு சில நாள் கழிச்சும் சரிவு வந்திருக்கு. கிராம உத்தியோகத்தர்கிட்ட சொல்லி கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து ஆள் வந்து இடத்த பாத்துட்டு, இருக்கலாமா கூடாதான்னு எழுத்துல தரச் சொல்லி கேளுங்க, அந்தப் பேப்பர ஒரு கொப்பி எடுத்து நீங்களும் வச்சுக்கோங்க, நாளைக்கு வேற இடத்துல காணி கேக்குறப்போ அதுதான் உங்க கையில இருக்கிற ஆதாரம்.