கம்பைலர் பாடமும் நம் பகுதிக்கு ஒரு மாலை ஆய்வகமும்

(வடசென்னையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பூட்டும் நேரம் கடந்தும் நமக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மாணவர்களைக் கையோடு அழைத்து வந்திருக்கும் கணினி அறிவியல் துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, நாற்காலி போட்டு ஒலிபெருக்கி கட்டிய வட்டத் தோழர்களே, வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் என்று நாலா பக்கமும் இருந்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அவர்களோடு துணைக்கு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய துறைத் தலைவர் அவர்கள், நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கருவியான கம்பைலரைச் செய்யும் பாடம், கம்பைலர் டிசைன் என்றாலே பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று வருத்தப்பட்டார்கள். அந்தப் பயம் எங்கே பிறக்கிறது, எப்படிப் போகும் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. ஐந்து செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். கம்பைலர் என்ன வேலை செய்கிறது, மாணவர்கள் எங்கே இடறுகிறார்கள், பிழைச் செய்தி ஏன் முக்கியம், நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷன், படித்தபின் கிடைக்கும் வேலை. இந்த ஐந்துக்கும் அடியில் ஓடுவது நம் ஔவைப் பாட்டி சொன்ன ஒரே வரி: சித்திரமும் கைப்பழக்கம்.

முதல் செய்திக்கு வருவோம். ஒரு வரி எடுத்துக்கொள்ளுங்கள்: கட்டணம் = அடிப்படை + தூரம் * 2; என்று ஒரு நிரலில் இருக்கிறது. கம்பைலர் முதலில் இதைத் துண்டு போடும். அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர், துண்டு போடும் பகுதிக்கு லெக்சர் என்று பெயர். எண்ணிப் பாருங்கள், கடைசி அரைப்புள்ளியோடு சேர்த்து எட்டு டோக்கன். அடுத்து பார்சர் என்ற பகுதி இலக்கணம் பார்த்து மரமாக அடுக்கும். கூட்டலுக்கு முன்னால் பெருக்கல் நடக்க வேண்டும் என்பதை அந்த மரம் காட்டும். பெருக்கல் கிளை கீழே இருக்கும், கூட்டல் மேலே இருக்கும். மூன்றாவது, பெயர்கள் எல்லாம் அறிவிக்கப்பட்டவையா, முழு எண்ணா தசமமா என்று சிம்பல் டேபிள் என்ற பெயர்ப் பட்டியலில் சரிபார்க்கும். அதன்பின் இடைநிலைக் குறியீடு: த1 = தூரம் * 2, த2 = அடிப்படை + த1, கட்டணம் = த2. இப்படி ஒரு வரியில் ஒரு செயல்தான். கடைசியாக அதை இயந்திரக் கட்டளையாக மாற்றும்.

பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புரியாமல் போகாது. ஷெல் பிரிவில் பெட்டியின் கூடு தயாராகிறது. ஃபர்னிஷிங் பிரிவில் இருக்கையும் மின்விளக்கும் ஏறுகின்றன. இடைநிலைக் குறியீடு என்பது அந்தக் கூடு. மொழியை வாசிக்கும் முன்பகுதியை ஒரு முறை எழுதிவிட்டால், இன்டெல்லுக்கு ஒன்று, ஏஆர்எம் சிப்புக்கு ஒன்று என்று பின்பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-ல் தொடங்கிய எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பு இந்த ஏற்பாட்டில்தான் இன்றைக்கு இத்தனை மொழிகளைத் தாங்குகிறது.

இரண்டாவது செய்தி, இடறும் இடங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இது ஐந்தாம் பருவத்தில் ஆய்வகத்தோடு சேர்ந்தே வருகிறது. ஆய்வகமும் பாடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். நடைமுறையில் என்ன ஆகிறது? ஒரு இலக்கணக் குறியீடு எதில் தொடங்கும், அதற்குப் பின் எது வரலாம் என்று ஃபர்ஸ்ட், ஃபாலோ கணக்கு போடுகிறோம், பார்சருக்கான எல்ஆர் அட்டவணை வரைகிறோம், பத்து மதிப்பெண் வாங்குகிறோம். ஆய்வக ரெக்கார்டை மூத்த மாணவரின் நோட்டிலிருந்து பார்த்து எழுதுகிறோம். கை படவில்லை. கை படாமல் இந்தப் பாடம் யாருக்கும் வராது.

ஃபாலோ கணக்கிலேயே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். தொடக்கக் குறியீட்டின் ஃபாலோவில் முடிவுக்குறியான $ போட மறப்பது ஒன்று. இலக்கண விதியின் வலதுபக்கத்தில் கடைசியாக நிற்கும் குறியீட்டுக்கு, இடதுபக்கக் குறியீட்டின் ஃபாலோ முழுவதையும் கொடுக்க மறப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் விட்டால் அட்டவணையில் கட்டம் காலியாக நிற்கும், சரியான வாக்கியத்தையே பார்சர் தப்பு என்று தள்ளிவிடும். காகிதத்தில் இது தெரியாது. ஓட்டிப் பார்த்தால் முதல் நிமிடத்தில் தெரியும்.

விதிகளைக் கொடுத்தால் லெக்சரை உருவாக்கித் தரும் ஃப்ளெக்ஸ் கருவியில் லெக்சர் எழுதுகிறீர்கள். அதன் விதி இரண்டே. நீளமாகப் பொருந்துவது வெல்லும். நீளம் சமமானால் மேலே எழுதியது வெல்லும். அதனால்தான் வைல் என்ற சொல்லோடு 1 ஒட்டி வந்தால் அது மொழி தனக்கென ஒதுக்கிய சாவிச்சொல் ஆகாமல் முழுப் பெயராக எடுக்கப்படுகிறது. ஆனால் பெயருக்கான விதியை மேலேயும் வைல், இஃப் போன்ற சாவிச்சொற்களைக் கீழேயும் வைத்துவிட்டால், சாவிச்சொல் ஒன்றுகூட பார்சருக்குப் போய்ச் சேராது. எல்லாம் பெயர் என்றே போகும். அந்த விதி ஒருநாளும் பொருந்தாது என்று ஃப்ளெக்ஸ் எச்சரிக்கையும் கொடுக்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் ஓட்டிவிட்டு, பார்சரில் தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேடுவார்கள்.

இன்னொன்று, நம் மொழி சம்பந்தப்பட்டது. ஃப்ளெக்ஸ் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'கட்டணம்' என்ற சொல் 21 பைட். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. உள்ளே புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் விதி எழுதியிருந்தால், இந்த ஒரு சொல்லுக்கு 21 முறை பிழை வரும். பைத்தானில் எழுதப்பட்ட 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி இருக்கிறது. தமிழில் மாறிப்பெயர் வைத்து ஒரு சின்ன மொழியை நம் பிள்ளைகளும் செய்யலாம். இந்தப் பைட் கணக்கைக் கவனித்துக்கொண்டால் போதும்.

இப்போது பைசன், இலக்கணத்தைக் கொடுத்தால் பார்சரை உருவாக்கித் தரும் கருவி. கணக்குக் கோவைக்கு, அதாவது எக்ஸ்பிரஷனுக்கு, கோவை என்பது கோவை - கோவை, அல்லது கோவை * கோவை, அல்லது எண் என்று இலக்கணம் எழுதுங்கள். நான்கு ஷிஃப்ட்-ரெட்யூஸ் மோதல் என்று பைசன் சொல்லும். அடுத்த டோக்கனை உள்ளே எடுப்பதா (ஷிஃப்ட்), இதுவரை வந்ததைக் கோவையாக மடக்குவதா (ரெட்யூஸ்) என்ற குழப்பம்தான் அது. பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. நிரல் ஓடுகிறதே என்று விட்டுவிடுவார்கள். ஓடத்தான் செய்யும். மோதல் வந்தால் பைசன் தானாக ஷிஃப்டைத் தேர்ந்துகொள்ளும். இப்போது 10 - 4 - 3 கொடுங்கள். 3 வர வேண்டும், 9 வரும். ஏனென்றால் அது 4 - 3 ஐ முதலில் செய்துவிட்டது. 2 * 3 - 1 கொடுங்கள். 5 வர வேண்டிய இடத்தில் 4 வரும். தீர்வு இரண்டே வரி: இடப்புற இணைவு என்று கழித்தலுக்கு ஒரு வரி, அதற்குக் கீழே பெருக்கலுக்கு ஒரு வரி. கீழே இருப்பதற்கு முன்னுரிமை அதிகம். வரிசையை மாற்றிப் போட்டால் மறுபடியும் கணக்கு தப்பும். இதைப் பத்து முறை கரும்பலகையில் எழுதிப் போட்டாலும் நிற்காது. ஒரு முறை திரையில் 9 வந்து, அது ஏன் வந்தது என்று அறிக்கைக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. சித்திரமும் கைப்பழக்கம் என்று பாட்டி சும்மாவா சொன்னாள்?

கருவியே வேண்டாம், கையாலேயே பார்சர் எழுதுகிறேன் என்றால் இன்னும் நல்லது. ஜிசிசி என்ற கம்பைலர் கூட சி++ பார்சரை 2004-லும் சி பார்சரை 2006-லும் பைசனிலிருந்து எடுத்துக் கையால் எழுதியதற்கு மாற்றிக்கொண்டது. ஆனால் இடது சுழற்சியை நீக்காமல் எழுதாதீர்கள். கோவை என்ற செயற்கூறு முதல் வேலையாகக் கோவையையே கூப்பிட்டால், ஒரு டோக்கன்கூட நகராமல் ஸ்டாக் என்ற நினைவக அடுக்கு நிரம்பி செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழும். உறுப்பை முதலில் வாசித்து, கூட்டல் கழித்தல் வரும் வரை ஒரு வைல் சுற்று போட்டுவிடுங்கள், முடிந்தது.

மூன்றாவது, பிழைச் செய்தி. இதற்கு ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். தலைவர் அவர்கள் நேரம் தர வேண்டும்.

1950-களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழிக்குக் கம்பைலரைச் செய்துகொண்டிருந்தது. ஆள் கணக்கில் பார்த்தால் 18 ஆள்-ஆண்டு உழைப்பு என்று சொல்வார்கள். மனிதர் எழுதுவது போல எழுதினால் கையால் எழுதியதற்கு ஈடான வேகமான இயந்திரக் கட்டளையாக மாறுமா என்று அன்றைக்கு அனுபவசாலிகளே நம்பவில்லை. 1957 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் பெட்டிஸ் ஆய்வகம். அங்கே ஐபிஎம் 704 கணினி இருக்கிறது. ஒரு பெட்டி வந்து சேர்கிறது. திறந்து பார்த்தால் துளை போட்ட அட்டைகள், ஏறத்தாழ 2000 அட்டை! என்ன இது, எப்படி ஓட்டுவது என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லை. வீட்டுக்குக் கிளம்பும் நேரம். ஆனால் அங்கே இருந்த ஹெர்பர்ட் பிரைட்டும் கூட்டாளிகளும் யோசிக்கிறார்கள்: நாம் காத்துக்கொண்டிருந்த ஃபோர்ட்ரான் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

விடுவார்களா? சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு நிரலை எடுத்து, அட்டைகளோடு சேர்த்துக் கணினிக்குள் கொடுத்தார்கள். டேப் சுற்றுகிறது, விளக்கு மின்னுகிறது. எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். அச்சு இயந்திரம் ஒரு செய்தியை அடித்துத் தள்ளுகிறது. என்ன செய்தி? நிரலில் பிழை. இது இன்ன வகைக் கட்டளை, அடைப்புக்குறி முடிந்தபின் ஒரு காற்புள்ளி இருக்க வேண்டும், அதைக் காணோம்! அப்படியே துல்லியமாகச் சொல்லிற்று. எடுத்துப் பார்த்தார்கள். ஆமாம், காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு அட்டையைத் திருத்தி மறுபடி கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக விடை வந்து கொட்டியது.

ஏன் இந்தக் கதையைச் சொன்னேன்? 1957-ல், துளையட்டைக் காலத்தில், வெளியே போன முதல் ஃபோர்ட்ரான் கம்பைலர், எந்தக் காற்புள்ளி, எந்த இடம் என்று சொன்னது. இன்றைக்கு நம் ஆய்வகத்தில் செய்யும் கம்பைலர் சின்டாக்ஸ் எரர் என்ற இரண்டே சொல்லோடு நின்றுவிடுகிறது. பைசனின் இயல்புச் செய்தி அதுதான். மாற்றுவதற்கு அதிக வேலை இல்லை. பார்ஸ்.எரர் என்ற அமைப்பை வெர்போஸ் என்று மாற்றினால், எதை எதிர்பார்த்தது, எது வந்தது என்று சொல்லும். ஃப்ளெக்ஸில் வரி எண்ணும் விருப்பத்தைச் சேர்த்தால் எந்த வரி என்று தெரியும். வாக்கியத்துக்கான இலக்கணத்தில் 'எரர், பிறகு அரைப்புள்ளி' என்று ஒரு விதி கூட்டினால், முதல் பிழையில் நின்றுவிடாமல் அடுத்த வாக்கியத்திலிருந்து வாசிப்பைத் தொடரும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு, அந்தப் பிழைச் செய்திதான் வாத்தியார். அதனால் இதில் எனக்கு இத்தனை அக்கறை.

அந்த வாத்தியாரைச் சந்திக்க ஒரு கணினி வேண்டுமே! இங்கேதான் என் மனக்குறையைச் சொல்ல வேண்டும். கல்லூரி ஆய்வகம் மாலையில் பூட்டிவிடுகிறது. வீட்டில் இடமில்லை, மடிக்கணினி இல்லை. கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு கிளாங் கம்பைலரை ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் பைசன் எழுதித் தரும் அறிக்கைக் கோப்பு சின்ன இலக்கணத்துக்கே நூற்றுக்கணக்கான வரி போகும். ஒரு பக்கம் இலக்கணம், ஒரு பக்கம் அறிக்கை என்று இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டியதை, ஆறு அங்குலத் திரையில் எப்படிப் பார்ப்பது?

செலவு ஒன்றும் பெரிதில்லை, மாமன்ற உறுப்பினர் அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லினக்ஸ், ஜிசிசி, ஃப்ளெக்ஸ், பைசன் எல்லாமே இலவசம். நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி தாராளமாகப் போதும். எல்எல்விஎம்மை மூலத்திலிருந்து கட்டுவதற்குத்தான் பெரிய கணினி வேண்டும். இணைக்கும் கட்டத்தில் நினைவகம் தீர்ந்து நின்றுவிடும். ஆகவே தயாராகக் கிடைக்கும் தொகுப்பையே நிறுவிக்கொள்ளலாம்.

நான் கேட்பது இதுதான். வடசென்னையின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் பத்து கணினி, மாலை 6 மணி முதல் 9 மணி வரை. கொளத்தூரில் 2024-ல் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள், படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் கிடைத்தது, மனமார வரவேற்கிறோம். காசிமேட்டிலும் எண்ணூரிலும் இருக்கிற பிள்ளை அங்கே தினமும் போய்வர முடியுமா? 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சித்திரமும் கைப்பழக்கம் என்றால், கை வைக்க ஒரு பலகை வேண்டும் அல்லவா?

ஆப்டிமைசேஷன் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 2 ஆல் பெருக்குவதை ஒரு பிட் இடம்பெயர்த்தலாக மாற்றுவது போன்றவை. அதைத் துறைத் தலைவர் அவர்கள் வகுப்பில் என்னைவிட நன்றாக நடத்துவார்கள். வேலைவாய்ப்பு பற்றி ஒரு வார்த்தை: சிப் செய்கிற நிறுவனம் எதுவானாலும் அதற்குக் கம்பைலர் ஆள் வேண்டும். மீதியைக் கேள்வி நேரத்தில் பார்ப்போம். தலைவர் அவர்கள் மணி அடித்துவிட்டார்கள்.

பொதுநூலகத் துறைக்கும் மாநகராட்சிக்கும் போக வேண்டிய மனு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. மாணவர்கள் கல்லூரிப் பெயரும் படிக்கும் பருவமும் சேர்த்து எழுதுங்கள். பெற்றோர்கள் வார்டு எண்ணைக் குறிப்பிடுங்கள். மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைக்கும்படி மேடையிலிருந்தே வேண்டிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.